ஊட்டி ஸ்வெட்டர் கடைகளும் ஒரு திருத்தமும்

"ஊட்டியில் ஸ்வெட்டர் விற்கும் திபெத்தியர்கள் பிழைப்புத் தேடி வந்தவர்கள்தான், சீன அரசியலமைப்பே மதச் சுதந்திரம் தருகிறது" என்று ஒருவர் இணையத்தில் எழுதியிருக்கிறார். பாதி உண்மை, அதனால்தான் ஆபத்து.

சீன அரசியலமைப்பில் மதச் சுதந்திரம் பற்றிய 36ஆம் பிரிவு இருப்பது சரி. ஆனால் அது "இயல்பான" மதச் செயல்களுக்கு மட்டுமே பாதுகாப்பு தருகிறது. எது இயல்பு என்று முடிவு செய்வது அரசு. 1995 மே மாதம் தலாய் லாமா, கெதுன் சோக்கி நீமா என்ற 6 வயதுச் சிறுவனைப் பஞ்சன் லாமாவின் மறுபிறவியாக அறிவித்தார். திபெத்தியப் பௌத்தத்தில் தலாய் லாமாவுக்கு அடுத்த நிலையில் உள்ளவர் பஞ்சன் லாமா. சில நாட்களில் சீன அதிகாரிகள் பையனைக் குடும்பத்தோடு கொண்டுபோய்விட்டார்கள். இன்றுவரை பொதுவெளியில் யாரும் பார்க்கவில்லை. 2007இல் இன்னொரு விதி: லாமாக்கள் மறுபிறவி எடுக்கவும் அரசு அனுமதி வேண்டுமாம்! கடவுள் நம்பிக்கை இல்லாத கம்யூனிஸ்ட் கட்சியின் அரசு போட்ட விதி இது.

அப்புறம் 'பிழைப்பு'. 1959இல் திபெத்தின் தலைநகர் லாசாவில் சீன ஆட்சிக்கு எதிராக நடந்த எழுச்சி நசுக்கப்பட்ட பிறகுதான் ஆயிரக்கணக்கானோர் இமயத்தைத் தாண்டி இங்கே வந்தார்கள். அடுத்த முறை போனால் கடைக்குள் நிமிர்ந்து பாருங்கள்: கம்பளிக் குல்லாக்களுக்கு மேலே தலாய் லாமா படம், அதன் மேல் வெள்ளைத் துண்டு. திபெத்தில் அந்தப் படத்துக்குத் தடை.

"வெளியார் கண்டித்து என்ன பயன்?" என்றும் அவர் கேட்டிருக்கிறார். அடுத்த தலாய் லாமா தேர்வில் தலையிடும் சீன அதிகாரிகள் மீது தடை விதிக்க 2020இல் அமெரிக்கா சட்டமே போட்டது. அது மட்டும் போதாதுதான். ஆனாலும் வெறும் கண்டனம் என்று அதைத் தள்ள முடியாது.