மாத்திரை டப்பாவுக்குள் பஞ்சு

பலாப்பழ சீசனில் குஞ்சப்பனைப் பக்கம் யானை ரோட்டுக்கு வருவது கோத்தகிரிக்காரர்களுக்குப் புதிதில்லை. அன்றைக்கும் ஒரு வளைவில் நின்றது. டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டார். பஸ்ஸுக்குள் மூச்சுச் சத்தம்கூட இல்லை. என் பக்கத்தில் இருந்த அக்கா, மடியில் இருந்த பையைச் சற்று நகர்த்தினார். உள்ளே மாத்திரைகள் கலகலவென்று உருண்டன. முன் சீட்டில் இருந்த சின்னப் பையன் திரும்பி, "கிலுகிலுப்பை வாங்கிட்டுப் போறீங்களா அக்கா?" என்று கேட்டான். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கோத்தகிரி வந்து இறங்கும் வரை என்னிடம்கூடப் பேசவில்லை.

அடுத்த முறையிலிருந்து அந்த வெள்ளை டப்பாவைக் கையில் வாங்கியதும் மூடியைத் திறந்து உள்ளே பஞ்சு வைத்து அடைத்துவிடுவார். வீட்டுக்கு வந்ததும் டப்பாவைத் தண்ணீரில் ஊறவைத்து, மேலே ஒட்டியிருக்கும் தாளை நகத்தால் சுரண்டி எடுப்பார். பல வருடங்களாக இதுதான் வழக்கம்.

அது எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்து. அக்காவிடம் கேட்டு, அவர் சரி என்று சொன்ன பிறகுதான் எழுதுகிறேன். எந்தத் தோட்டம், எந்த ஊர் என்று சொல்லப்போவதில்லை. அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியும் இருக்கிறேன். யாராக இருக்கும் என்று கமெண்டில் யூகிக்க வேண்டாம், கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

இத்தனை வருடம் அவரோடு பழகியதில் எனக்குப் புரிந்தது இதுதான். எங்கள் மலையில் எச்.ஐ.வி. உள்ளவர்கள் கிருமிக்குப் பயப்படுவதைவிட, தெரிந்த முகத்துக்குத்தான் அதிகம் பயப்படுகிறார்கள். இங்கே பஸ் கண்டக்டருக்கும் நம்மைத் தெரியும், மருந்துக் கடைக்காரருக்கும் தெரியும், ஆஸ்பத்திரி வாசலில் கீரை விற்கும் பாட்டிக்கும் தெரியும். பக்கத்திலேயே மருந்து வாங்க வழி இருந்தும், ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, முதல் பஸ் பிடித்து அக்கா கோயம்புத்தூர் போய் வந்ததற்கு வேறு காரணம் கிடையாது. ரகசியம் காக்கப்படும் என்ற நம்பிக்கை இல்லாத இடத்தில் பரிசோதனைக்கும் ஆள் வராது, மாத்திரைக்கும் ஆள் வராது. அந்த நம்பிக்கையைக் கெடுப்பது பெரும்பாலும் அக்கம்பக்கத்தில் இருக்கும் நாம்தான்.

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது நம் சென்னையில், 1986-ல். டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் திரட்டிய ரத்த மாதிரிகளில்தான் அது தெரியவந்தது. அன்றைக்கு மருந்து கிடையாது. பயம் மட்டும் இருந்தது. 2000-களின் தொடக்கத்தில் சுவருக்குச் சுவர் "புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?" என்று கேட்டார்களே, ஞாபகம் இருக்கிறதா? எய்ட்ஸ் என்ற சொல்லையே வீட்டில் உச்சரிக்காத ஊரில் அதைப் பேசவைத்த விளம்பரம் அது, மறுக்கவில்லை. ஆனால் "தப்புச் செய்தவனுக்கு வரும்" என்ற எண்ணத்தையும் அது நம் மனதில் ஆழமாக ஊன்றிவிட்டது என்பது என் கருத்து. விளம்பரத்துக்காகக் கற்பனை செய்த அந்தப் புள்ளிராஜாவைப் பற்றி ஊரே பேசியது. அவன் மனைவிக்கு வருமா என்று யாரும் கேட்கவில்லை.

அக்கா அந்த மனைவிதான். கணவரைத் தவிர வேறு ஆணை அறியாதவர். மகளை வயிற்றில் சுமந்திருந்தபோது எடுத்த பரிசோதனையில்தான் தெரிந்தது. அதற்குப் பிறகு கணவருக்கும் எடுத்தார்கள். அவருக்கு ஏற்கெனவே காசநோய் முற்றியிருந்தது, ஒரு வருடம்கூட இருக்கவில்லை. பிரசவ வலி வந்ததும் அக்காவுக்கு ஒரு மாத்திரை, பிறந்த குழந்தைக்குச் சில சொட்டு மருந்து. அன்றைக்கு இருந்த முறை அவ்வளவுதான். 18 மாதம் கழித்துக் குழந்தைக்கு எடுத்த பரிசோதனையில் கிருமி இல்லை என்று வந்தது. அந்தத் தாளை மட்டும் அக்கா கிழிக்கவில்லை. ரேஷன் கார்டோடு சேர்த்துப் பத்திரமாக வைத்திருக்கிறார். மகள் இப்போது பிளஸ் டூ படிக்கிறாள்.

சிகிச்சையே இல்லாவிட்டால் தாயிடமிருந்து குழந்தைக்குப் பரவும் வாய்ப்பு 15 முதல் 45 சதவீதம் வரை. கர்ப்பத்திலேயே கண்டுபிடித்துத் தாய் தவறாமல் மருந்து எடுத்தால் அதை 5 சதவீதத்துக்கும் கீழே கொண்டுவந்துவிடலாம். அதனால்தான் கர்ப்பிணிகளுக்கெல்லாம் இந்தப் பரிசோதனை செய்கிறார்கள். நர்ஸ் அதற்காக ரத்தம் எடுக்கிறார் என்றால் நம்மைச் சந்தேகப்படுகிறார் என்று அர்த்தமில்லை.

நான் தையல் கடை வைத்திருக்கிறேன். ரவிக்கைக்கு அளவு கொடுக்கும்போது பெண்கள் மெல்லிய குரலில் நிறையக் கேட்பார்கள். அம்மாவோடு கொழுந்து பறிக்கும் ஒருவர் கேட்டார்: "கத்தரியில அவ விரலை வெட்டிக்கிட்டா, அதே கத்தரியை நான் எடுத்தா வந்துருமா?" கேட்டவர் கை முழுக்கத் தேயிலைச் செடி கீறிய தழும்பு. அந்தக் கேள்விக்கு நியாயம் இருக்கிறது. அதனால் பொறுமையாகவே பதில் சொன்னேன்.

இந்தக் கிருமி உடலுக்கு வெளியே, காய்ந்துபோன ரத்தத்தில், நீடிப்பதில்லை. அது இருப்பது ரத்தம், விந்து, பெண்ணுறுப்பிலும் ஆசனவாயிலும் சுரக்கும் திரவங்கள், தாய்ப்பால் ஆகியவற்றில். ஆகவே அது வரும் வழிகளும் கொஞ்சம்தான்: ஆணுறை இல்லாத உடலுறவு, ஒருவர் போட்ட ஊசியை இன்னொருவர் போட்டுக்கொள்வது, சரியாகப் பரிசோதிக்காத ரத்தம், தாயிடமிருந்து குழந்தைக்கு. கொழுந்துக் கூடையில் வராது. எஸ்டேட் லைன் வீட்டுப் பொதுக்குழாயில், பொதுக் கழிப்பறையில் வராது. ஒரே டம்ளரில் டீ குடித்தால் வராது. கொசு கடித்து வராது. கத்தரியைக் கழுவி, காயத்தில் துணி சுற்றிக்கொண்டு வேலையைப் பார்க்கலாம். யாருடைய ரத்தமாக இருந்தாலும் அப்படித்தானே செய்வோம்?

அவர் உடனே அடுத்த கேள்வி கேட்டார்: "அப்போ அந்தப் புள்ளைக்கு டம்ளரைத் தனியா வச்சது தப்புதானே?" யாரைச் சொல்கிறார் என்று நான் கேட்கவில்லை. தப்புதான் என்றேன்.

பரிசோதனை பற்றி. அரசு மருத்துவமனைகளில் நம்பிக்கை மையம் என்று ஓர் அறை இருக்கும். முதலில் ஆலோசகர் உட்காரவைத்துப் பேசுவார். நாம் சம்மதித்தால்தான் ரத்தம் எடுப்பார்கள். காசு கிடையாது. ஒரே ஒரு சோதனையை வைத்து "இருக்கிறது" என்று சொல்லிவிட மாட்டார்கள். வெவ்வேறு வகையான 3 சோதனைகளிலும் வந்தால்தான் உறுதி செய்வார்கள். இன்னொன்றும் ஞாபகம் இருக்கட்டும். கிருமி உள்ளே வந்த மறுநாளே சோதனையில் தெரியாது. வழக்கமான விரைவுச் சோதனையில் பிடிபட 3 மாதம் வரை ஆகலாம். "போன வாரம்தான் பயமாக ஒன்று நடந்தது, நேற்று டெஸ்ட் எடுத்தேன், இல்லை என்று வந்துவிட்டது" என்று நிம்மதியடைந்து விடக் கூடாது. திரும்பவும் எடுக்க வேண்டும்.

பயப்படும்படி ஒன்று நடந்துவிட்டால் அதற்கும் மருந்து உண்டு. பலருக்கு இது தெரிவதில்லை. வன்கொடுமைக்கு ஆளானவர், ஆஸ்பத்திரியில் ஊசி குத்திக்கொண்ட பணியாளர் போன்றவர்கள் 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் மாத்திரை எடுத்தால் கிருமி நிலைகொள்ளாமல் தடுக்க முடியும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. பந்தலூர் மாதிரி ஒதுக்குப்புறமான மலை ஊரில் இருப்பவர் திங்கட்கிழமை வரட்டும், மழை விடட்டும் என்று காத்திருக்கவே கூடாது.

2018 டிசம்பரில் நம் மாநிலத்தில் ஒரு கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி. உள்ள ரத்தம் ஏற்றப்பட்ட செய்தியைப் படித்திருப்பீர்கள். அந்த ரத்தத்தைக் கொடுத்த இளைஞருக்குத் தனக்கு அது இருப்பதே தெரியாது. தெரிந்ததும் அவரே முன்வந்து சொன்னார். சொல்லிவிட்டு, சில நாளில் உயிரை மாய்த்துக்கொண்டார். உண்மையைச் சொன்னவருக்கு நம் ஊரில் வாழ இடம் இருக்கும் என்று அவரால் நம்ப முடியவில்லையே! அதை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆறவில்லை.

சட்டம் என்று ஒன்று இருப்பது எனக்கே தாமதமாகத்தான் தெரிந்தது. மலைக்குக் கீழே ஒரு மருத்துவமனை, பெயர் வேண்டாம். அக்காவுக்குக் கர்ப்பப்பைக் கட்டி அறுவைச் சிகிச்சை. துணைக்கு நான் இருந்தேன். கேஸ் ஷீட்டின் மேலேயே எச்.ஐ.வி. என்று சிவப்பு மையில் கொட்டை எழுத்தில் எழுதி, கட்டில் காலடியில் தொங்கவிட்டார்கள். அடுத்த கட்டிலுக்காரர் மகன் அதைப் படித்துவிட்டு, தன் அம்மாவை வேறு வார்டுக்கு மாற்றிக் கேட்டார். ஆபரேஷனை இரண்டு முறை தள்ளிவைத்தார்கள். கடைசியில் "எங்களிடம் வசதி இல்லை, வேறு இடம் பாருங்கள்" என்று அனுப்பிவிட்டார்கள். நான் தலையாட்டிவிட்டு அக்காவை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தேன். ஒரு வார்த்தை எதிர்த்துக் கேட்கவில்லை.

கேட்டிருக்கலாம். எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் 2017-ல் நிறைவேறி, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. எச்.ஐ.வி. இருப்பதற்காகச் சிகிச்சை மறுக்கக் கூடாது. வேலை தர மறுக்கக் கூடாது, வேலைக்குச் சேர்க்க எச்.ஐ.வி. டெஸ்ட் கேட்கவும் கூடாது. பள்ளியில் இடம், வாடகைக்கு வீடு, எதையும் மறுக்கக் கூடாது. சம்மதம் இல்லாமல் பரிசோதிக்கக் கூடாது. ஒருவருடைய விவரத்தைச் சிவப்பு மையில் எழுதி ஊர் பார்க்கத் தொங்கவிடக் கூடாது. அவர்களைப் பற்றி வெறுப்பைப் பரப்பினால் 3 மாதம் முதல் 2 வருடம் வரை சிறை. இந்தப் பாதுகாப்பு அதே வீட்டில் வாழ்பவருக்கும் சேர்த்துத்தான் என்பது எனக்குப் பெரிய ஆறுதல். அக்காவின் மகளை யாரும் பெஞ்சு மாற்றி உட்காரவைக்க முடியாது.

100 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் இதற்கென்று ஒரு புகார் அதிகாரி இருக்க வேண்டும். எங்கள் பக்கத்துப் பெரிய எஸ்டேட்களுக்கும் இது பொருந்தும். மருத்துவமனை என்றால் 20 பேர் இருந்தாலே போதும். அதற்கு மேல் போக, மாநில அளவில் குறைதீர்ப்பாளர் என்ற ஏற்பாட்டையும் சட்டம் சொல்கிறது. உங்கள் எஸ்டேட்டில் அந்த அதிகாரி யார் என்று யூனியன்காரர்கள் ஒரு முறை கேட்டுப் பாருங்களேன்.

ஒரு நண்பர் என்னிடம் கேட்டார், அப்படியென்றால் கட்டிக்கொள்ளப் போகிறவளிடம்கூட மறைக்கலாமா என்று. இல்லை. தனக்கு இருப்பது தெரிந்தவர் மற்றவருக்குப் பரவாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. துணைக்கு உண்மையான ஆபத்து இருந்தால், ஆலோசனை சொல்லியும் அவர் சொல்லாவிட்டால், சில நிபந்தனைகளோடு மருத்துவர் துணையிடம் தெரிவிக்கலாம். மனைவிக்கோ கணவருக்கோ தெரிய வேண்டியது வேறு. கங்காணிக்கும் பக்கத்து வீட்டுக்கும் தெரிய வேண்டியது ஒன்றுமே இல்லை.

இப்போது மருந்து எவ்வளவோ மாறிவிட்டது. 2004-ல் அரசு இலவசமாகக் கூட்டு மருந்து கொடுக்கத் தொடங்கியபோது, எதிர்ப்புச் சக்தி ஓரளவு குறைந்த பிறகுதான் ஆரம்பிப்பார்கள். 2017 முதல், இருப்பது தெரிந்தாலே மருந்து தொடங்கிவிடுகிறார்கள். பெரும்பாலானவர்களுக்கு தினமும் ஒரே மாத்திரை. தவறாமல் சாப்பிட்டு, கிருமியின் அளவு சோதனையில் கண்டறிய முடியாதபடி குறைந்து அப்படியே நீடித்தால், உடலுறவு வழியாக அவரிடமிருந்து இன்னொருவருக்குப் பரவாது. "குறைவாகப் பரவும்" என்றல்ல, பரவாது. பல நாடுகளில் ஆயிரக்கணக்கான தம்பதிகளை வருடக்கணக்கில் கவனித்துச் சொன்ன முடிவு இது. அக்காவிடம் நான் இதைச் சொன்னபோது, திரும்பச் சொல்லச் சொன்னார். மூன்று முறை சொன்னேன். "அப்போ நான் யாருக்கும் ஆபத்து இல்லையா?" என்று கேட்டார். அத்தனை வருடமும் தன்னை அப்படித்தான் நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

ஆணுறை பழைய வழிதான், இன்றும் நல்ல வழி. மற்றப் பால்வினை நோய்களையும் அது தடுக்கிறது. கிருமி இல்லாதவர்கள் முன்கூட்டியே எடுக்கும் பிரெப் என்ற மாத்திரையும் இருக்கிறது, மருத்துவரைக் கேட்டுப் பரிசோதனை செய்துகொண்டு எடுக்கலாம். சந்தேகம் எதுவானாலும் 1097-க்கு போன் செய்யுங்கள், கட்டணம் இல்லை.

கோத்தகிரி, குன்னூர் பக்கம் யாருக்காவது நம்பிக்கை மையத்துக்குத் தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள். கூட வருகிறேன். எதற்காக என்று கேட்க மாட்டேன், வாசலிலேயே உட்கார்ந்திருப்பேன். யாராவது பார்த்துக் கேட்டால், நான் டெஸ்ட் எடுக்க வந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். போன மாதம் நானும் எடுத்தேன். செவ்வாய்க்கிழமை கடை லீவு.