பெல் பட்டனை அமுக்கச் சொன்னது போதும், ஏலம் எந்தக் கிழமை என்று சொல்லுங்கள்

பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம், கீழக்கரை, தொண்டி என்று நம் கரை முழுக்க இன்று மீன்பிடி வீடியோ போடும் தம்பி தங்கச்சிகள் நிறைய இருக்கிறார்கள். கேமரா பிடிக்கிற கையும் சரி, பேச்சும் சரி, குறை சொல்ல முடியாது. ஆனால் பல சேனல்களில் ஒரு வீடியோவை லட்சம் பேர் பார்க்கிறார்கள், அடுத்தது எண்ணூறோடு நின்றுவிடுகிறது. வந்தவர் மறுபடி வரவில்லை. யூடியூப் நம்மை அமுக்குகிறது என்று சொல்லிக்கொண்டிருப்பதில் பயனில்லை. எந்த நாளில், எதற்காகத் திரும்பி வரவேண்டும் என்று அவருக்கு நாம் சொல்லவே இல்லை.

"பெல் பட்டனை அமுக்குங்க" என்று எல்லா வீடியோவிலும் கேட்கிறோம். அந்த பெல் எப்படி வேலை செய்கிறது? ஒருவர் சப்ஸ்கிரைப் செய்தவுடன், அவருக்கு எதை அறிவிப்பது என்பதை யூடியூப்பே தேர்ந்தெடுக்கும். அவராகப் போய் 'எல்லாம்' என்று மாற்றி, போனிலும் யூடியூப் அறிவிப்பைத் திறந்து வைத்திருந்தால்தான் எல்லாவற்றுக்கும் மணி அடிக்கும். அப்படியும் ஒரு சேனலிலிருந்து 24 மணி நேரத்தில் 3 அறிவிப்புக்கு மேல் போகாது. காலையில் அடுத்தடுத்து மூன்று வீடியோவைத் தள்ளிவிட்டால், சாயங்காலம் உழைத்துப் போட்ட பெரிய வீடியோ சத்தமில்லாமல் கிடக்கும்.

வ்யூஸ் எண்ணிக்கையை ஒரு மாதம் மறந்துவிட்டு, யூடியூப் ஸ்டுடியோவில் ஆடியன்ஸ் பக்கத்தைத் திறந்து பாருங்கள். புதியவர், எப்போதாவது வருபவர், வழக்கமாக வருபவர் என்று பிரித்துக் காட்டும். கடந்த 12 மாதத்தில் 6 மாதமாவது உங்கள் சேனலைப் பார்த்தவர்தான் வழக்கமானவர். இந்த மூன்றாவது கோடு ஏறுகிறதா என்பது ஒன்றுதான் முக்கியம். 2025 ஏப்ரலில் புதுப் பாம்பன் பாலம் திறந்தபோது, பாலம் தூக்குகிற காட்சியைப் போட்ட சேனல்களுக்கு நாடு முழுவதிலிருந்தும் ஆள் வந்திருக்கும். 72.5 மீட்டர் நீளத் தூக்குப்பாலம் 17 மீட்டர் மேலே போவதைப் பார்க்க வந்தவர், நாளைக்கு நண்டு வலை பார்க்க வரமாட்டார். அந்தக் கூட்டத்தைக் கணக்கில் வைத்து அடுத்த வீடியோவைத் திட்டமிட்டால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

வேறு ஊர் சேனல்களுக்கு இல்லாத ஒரு வசதி நமக்கு உண்டு. நம் கடலுக்கே கிழமை இருக்கிறது. பாக் நீரிணைப் பக்கம் கடலுக்குப் போக விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள். திங்கள், புதன், சனி கிளம்புகிற விசைப்படகு மறுநாள் காலை கரை சேரும். அப்படியானால் செவ்வாய், வியாழன், ஞாயிறு காலை கரையில் ஏலம். இந்த மூன்று நாளும் நான்கு நிமிடத்தில் ஒரு விலை வீடியோ போடுங்கள். சீலா, விளமீன், பாறை, நண்டு, கணவாய், இறால் என்று எப்போதும் அதே வரிசையில் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை விலை கேட்டவர், செவ்வாய்க்கிழமை ஏறியதா இறங்கியதா என்று பார்க்கத் தானாக வருவார். மதுரையில் மீன்கடை வைத்திருப்பவருக்கும், வீட்டுக்கு மீன் வாங்குபவருக்கும், துபாயில் உட்கார்ந்து ஊரை நினைப்பவருக்கும் அது வேண்டும்.

இதில் சறுக்குகிற இடம் ஒன்று உண்டு. இறால் விலையைச் சொல்லும்போது கிலோவுக்கு எத்தனை உருப்படி என்று சேர்த்துச் சொல்லாவிட்டால் அந்த விலைக்கு அர்த்தமே இல்லை. நண்டிலும் பெரிசு, சிறிசைப் பிரித்துச் சொல்ல வேண்டும். கூடையாக ஏலம் போனதையும் கிலோவாக விற்றதையும் கலக்கக் கூடாது. ஏல விலையா, சில்லறை விலையா என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட வேண்டும். தப்பான விலையை நம்பி ஒருவர் வண்டி ஏறி வந்துவிட்டால், அவரும் அவருக்குத் தெரிந்த பத்துப் பேரும் உங்கள் சேனலை மறந்துவிடுவார்கள்.

புயல் எச்சரிக்கையோ வேலைநிறுத்தமோ, கடலுக்குப் போக அனுமதி டோக்கன் கொடுக்காத நாளிலும் சும்மா இருக்காதீர்கள். கட்டிக்கிடக்கும் படகுகளின் படம் ஒன்று, "இன்று கடலுக்குப் போகவில்லை, அடுத்த விலை வியாழக்கிழமை" என்று இரண்டு வரி. போஸ்ட் பகுதியில் அது போதும். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் ஆண்கடல் கொந்தளிக்கும், வடகிழக்கு வாடைக் காற்றில் பெண்கடல். எந்தப் பக்கம் தொழில் நடக்கிறது என்று மாதம் ஒருமுறை சொல்கிற சேனலை, கரைக்காரர்களே பார்ப்பார்கள். வெளியூர்க்காரருக்கு அந்த இரண்டு பெயர்களையும் ஒருமுறை விளக்கிவிடுங்கள்: தெற்கே மன்னார் வளைகுடா ஆண்கடல், வடக்கே பாக் நீரிணை பெண்கடல்.

நேரமும் கிழமையைப் போலத்தான். கீழக்கரை, தொண்டி, பெரியபட்டினம் பக்கத்து ஆட்கள் வளைகுடா நாடுகளில் நிறைய. நம் இரவு 9.30 என்பது துபாயில் 8 மணி, சவுதியிலும் குவைத்திலும் 7 மணி. சிங்கப்பூர், மலேசியாவில் நள்ளிரவு 12 மணி ஆகியிருக்கும். சவுதியில் வார விடுமுறை வெள்ளி, சனி. ஐக்கிய அரபு அமீரகத்தில் 2022 முதல் சனி, ஞாயிறு. ஆகவே நீளமான வீடியோவுக்கு வியாழன் இரவு நல்ல நேரம் என்பது என் கணிப்பு. அதே ஆடியன்ஸ் பக்கத்தில், உங்கள் ஆட்கள் எந்த மணியில் யூடியூப்பில் இருக்கிறார்கள் என்று ஊதா நிறத்தில் காட்டும். என் கணிப்பை விட அதையே நம்புங்கள்.

வீடியோவுக்குள் முதல் 30 வினாடியைத் தனியாகப் பாருங்கள். அந்த இடத்தில் எத்தனை சதவீதம் பேர் மிஞ்சினார்கள் என்று ஸ்டுடியோவே சொல்லும். சுழலும் லோகோ, ட்ரோன் சுற்று, "வணக்கம் நண்பர்களே", போன வார வீடியோவுக்கு நன்றி, இதெல்லாம் சேர்ந்தால் 40 வினாடி போய்விடும். நேராக ஏலக்காரர் குரலில் ஆரம்பியுங்கள். முடிவில் "நன்றி, வணக்கம்" என்ற சொல் காதில் விழுந்ததுமே ஆள் விரலால் தள்ளிவிடுவார். எண்ட் ஸ்கிரீன் என்பது கடைசி 5 முதல் 20 வினாடிக்குள் வைப்பது. அந்த நேரத்தில் விடைபெறாமல், அடுத்து என்ன என்று சொல்லுங்கள்: "இந்த வலையில் கண்ணி எப்படிக் கட்டினோம் என்பது இந்தப் பக்கத்து வீடியோவில்." சொல்லும் வீடியோவும் திரையில் வைக்கும் வீடியோவும் ஒன்றாக இருக்க வேண்டும். 'சமீபத்தியது' என்று தானாக விட்டால் சொன்னதற்குச் சம்பந்தமில்லாதது வந்து நிற்கும்.

ஷார்ட்ஸில் இன்னொரு வீண் வேலை நடக்கிறது. விளக்கத்திலும் கமெண்டிலும் முழு வீடியோவின் லிங்கைப் போடுகிறார்கள். 2023 ஆகஸ்ட் 31 முதல் ஷார்ட்ஸில் அந்த லிங்க் அமுக்கினால் திறக்காது. ஸ்டுடியோவில் 'தொடர்புடைய வீடியோ' என்ற இடத்தில் சேர்த்தால்தான் போய்ச் சேரும்.

படகில் ஒலிதான் பெரிய எதிரி. படம் கொஞ்சம் ஆடினாலும் பொறுத்துக்கொள்கிறவர்கள், காற்று இரைச்சலைப் பத்து வினாடி தாங்கமாட்டார்கள். காலர் மைக்குக்கு மேல் பஞ்சு உறையோ ரோம உறையோ கட்டாயம் போடுங்கள், காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று பேசுங்கள். எஞ்சின் ஓடும்போது பேசவே வேண்டாம்; கரைக்கு வந்து மூடிய அறையில் பேசிச் சேர்த்துக்கொள்ளுங்கள். லென்ஸில் உப்புப் படிந்தால் காய்ந்த துணியால் தேய்க்காதீர்கள், கீறல் விழும். நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் ஒற்றி எடுத்துவிட்டுப் பிறகு துடையுங்கள். 1080பி தரத்தில் 10 நிமிட வீடியோ, வினாடிக்கு 8 மெகாபிட் கணக்கில் சுமார் 600 எம்பி வரும். அப்லோட் வேகம் 2 மெகாபிட் என்றால் 40 நிமிடம். ஏறிய உடனே வெளியிட்டால் முதலில் மங்கலான படம்தான் ஓடும், தெளிவான படம் தயாராக இன்னும் நேரம் பிடிக்கும். இரண்டு மணி நேரம் முன்பே ஏற்றி, வெளியிடும் நேரத்தைக் குறித்து வையுங்கள்.

தம்ப்நெயிலில் திமிங்கலம், உள்ளே சூடை மீன் என்ற வேலை வேண்டவே வேண்டாம். ஒருமுறை ஏமாந்தவர் அடுத்த முறை உங்கள் உண்மையான படத்தையும் நம்பமாட்டார். கடல் அட்டை, கடல் குதிரை, கடல் பசு பிடிப்பதும், மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் அனுமதியில்லாமல் இறங்கிப் படம் எடுப்பதும் சட்டப்படி குற்றம். வீடியோவே சாட்சியாகிவிடும். இன்னொன்று, படகின் ஜிபிஎஸ் திரையை அப்படியே காட்டாதீர்கள். அந்தப் புள்ளிகள் ஒரு குடும்பம் பல வருடம் அலைந்து கண்டுபிடித்த, மீன் கிடைக்கும் இடங்கள். மங்கலாக்கிவிட்டுப் போடுங்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். பல விசைப்படகு சேனல்கள் தூங்கிவிடுவது அப்போதுதான். இடைவெளி விட்டால் தண்டனை இல்லை என்று யூடியூப் சொல்கிறது, அது சரிதான். பார்ப்பவரின் வழக்கம் மட்டும் அறுந்துவிடும். ஒரே ஒரு படகைத் தேர்ந்தெடுத்து வாரம் ஒரு வீடியோ எடுங்கள்: கரையேற்றுவது, அடியில் ஒட்டிய சிப்பியைச் சுரண்டுவது, பலகை இடுக்கில் பஞ்சு அடிப்பது, எஞ்சினைப் பிரிப்பது, வலை சீர் செய்வது, பெயின்ட், மறுபடி இறக்குவது. எல்லாவற்றையும் ஒரே பிளேலிஸ்டில் எண் போட்டு வையுங்கள். செலவு எவ்வளவு என்று ஒவ்வொன்றிலும் சொல்லுங்கள், வெளியூர்க்காரர் அதற்காகவே காத்திருப்பார். தடை முடிந்து அந்தப் படகு முதல் மீனோடு கரை சேரும் காலைக்கு லைவ் வையுங்கள். போனிலிருந்து லைவ் போட 50 சப்ஸ்கிரைபராவது வேண்டும். முதல் முறை அந்த வசதி திறக்க 24 மணி நேரம் வரை ஆகும், அதனால் ஜூன் முதல் வாரத்திலேயே திறந்து வைத்துவிடுங்கள்.