பட்டியலில் இல்லாதவரைக் கணினி கண்டுபிடிக்காது

இலக்கியத்தை எண்ணிக்கையில் அடக்க முடியுமா என்று கேட்பவர்களிடம் நான் ஒரு ஜெர்மன் நாவலைப் பற்றித்தான் பேசுவேன். 1804 கடைசியில் 'போனவெந்தூரா' என்ற புனைபெயரில் வந்த 'இரவுக் காவல்கள்'. க்ரொய்ட்ஸ்காங் என்ற காவலாளி 16 இரவுகளில் ஊரையும் உலகத்தையும் ஏசித் தீர்க்கிறான். எழுதியது யார்? ஷெல்லிங் என்றார்கள், பிரெண்டானோ என்றார்கள், ஹாஃப்மன் என்றார்கள். எல்லாம் பெரிய பெயர்கள். எந்தச் சொல்வகையை (பெயர், வினை போன்றவை) அடுத்து எந்தச் சொல்வகை வருகிறது என்று எண்ணி, 1969லேயே டீட்டர் விக்மன் என்ற ஆய்வாளர் புள்ளியியல் வழியாகவும் தேடிப் பார்த்தார்.

1973ல் யோஸ்ட் ஷில்லமைட் என்ற இலக்கிய ஆய்வாளர் வேறொருவரைக் காட்டினார். ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் நாடக அரங்கை நடத்திய ஆகஸ்ட் கிளிங்கெமன். (கதேயின் 'ஃபாவ்ஸ்ட்' முதல் பாகத்தை 1829ல் பொதுமேடை ஏற்றியவர் இவர்தான்.) வாதம் ஓயவில்லை. 1987ல் ரூத் ஹாக் என்ற ஆய்வாளர், கிளிங்கெமன் தன் நூல்களைத் தன் கைப்படப் பட்டியலிட்ட காகிதத்தை ஆம்ஸ்டர்டாம் நூலகத்தில் கண்டெடுத்தார். அதில் இந்த நாவலும் இருந்தது.

கணினி தோற்றது, காகிதம் ஜெயித்தது என்று இதற்குப் பொருள் சொல்வார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. நாம் தரும் ஆசிரியர்களில் யாருடைய நடை மிக நெருக்கம் என்று மட்டும்தான் கணக்கு சொல்லும். நாம் தராத கிளிங்கெமனின் பெயர் எப்படி வரும்? பிரபலங்களையே படித்துப் பழகிய இலக்கிய வரலாறுதான் சந்தேகப் பட்டியலையும் போடுகிறது. கோளாறு அங்கே இருக்கிறது.

சரி, மறந்துபோனவர்களையும் உள்ளே கொண்டுவருவோம் என்றால், அவர்கள் ஒழுங்காக வர வேண்டும். பழைய ஜெர்மன் நூல்கள் ஃப்ராக்டூர் என்ற பழைய அச்செழுத்தில் அச்சானவை. அதில் நீண்ட 'எஸ்'ஸுக்கும் 'எஃப்'புக்கும் ஒரு சின்னக் குறுக்குக்கோடுதான் வித்தியாசம். ஸ்கேன் செய்த பக்கத்தைப் படிக்கும் மென்பொருள் அதைத் தவறவிட்டால் 'ஸைன்' (அவனுடைய) என்பது 'ஃபைன்' (நுண்ணிய) ஆகிவிடும். இரண்டுமே அகராதியில் உள்ளவை, பிழைதிருத்தியும் பிடிக்காது. நடையை அளக்கும் பர்ரோஸின் டெல்டா முறை எண்ணுவதோ இப்படி அடிக்கடி வரும் சின்னச் சொற்களைத்தான்!

பெர்லினில் உருவான 'ஜெர்மன் உரைக் காப்பகம்' பல நூல்களை இருவரிடம் தனித்தனியே தட்டச்சு செய்யக் கொடுத்து, ஒப்பிட்டுத் திருத்தியது. அலுப்பான வேலை, பணமும் பிடிக்கும். புதிய நிரல் எழுதுகிறவருக்குக் கிடைக்கும் மரியாதையில் பாதியாவது அந்த வேலைக்குக் கிடைக்க வேண்டும். கதேயை இன்னொரு முறை அளக்க ஒதுக்கும் நிதியை, 1800ஐ ஒட்டிப் பெயர் போடாமல் எழுதிய பெண்களின் நாவல்களுக்குக் கொடுங்கள். கரோலினே ஃபோன் வோல்ட்ஸோகன் எழுதிய 'அக்னெஸ் ஃபோன் லிலியன்' 1796ல் ஷில்லரின் இதழில் பெயரில்லாமல் வரத் தொடங்கியபோது, விமர்சகர்களான ஷ்லேகல் சகோதரர்களே அதைக் கதேயின் எழுத்து என்றே நினைத்தார்கள். இப்படிப்பட்டவர்களை வெளியே நிறுத்திவிட்டு, அந்தக் காலத்து ஜெர்மன் நாவல் இப்படித்தான் இருந்தது என்று யார் வரைபடம் போட்டாலும் நான் ஏற்க மாட்டேன்.