ஓடாத பில்ட் சிவப்பாகக் காட்டாது
கிட்ஹப் தளத்தில் கோடைத் தானாகச் சோதித்துத் தொகுக்கும் ஓட்டம்தான் பில்ட்; வென்றால் பச்சை, தோற்றால் சிவப்பு. அதன் படிகளை எழுதிவைக்கும் கோப்பு வொர்க்ஃப்ளோ. 'பில்ட் பச்சையாக இருக்கும்வரை வொர்க்ஃப்ளோ கோப்பைத் தொட வேண்டாம்' என்று இந்தக் கட்டுரையில் சொல்வதை ஏற்க முடியவில்லை. ஓடவே இல்லாத பில்ட் எப்படிச் சிவப்பாகும்? கிட்ஹப்பில் பொது ரெப்போ (கோடு சேமிப்பகம்) 60 நாள் அசைவில்லாமல் கிடந்தால், நேரம் குறித்து ஓடும் வொர்க்ஃப்ளோ தானாகவே நிறுத்தப்படும். கோவை சரவணம்பட்டியில் இருந்து திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு ஸ்டாக் கணக்கு மென்பொருள் எழுதுகிறோம். எப்போதாவது மட்டும் தொடும் ரெப்போக்கள் எங்களிடம் நிறைய. 2025 ஏப்ரலில், பில்டை ஓட்டும் கிட்ஹப்பின் உபுண்டு 20.04 ரன்னரை (மெஷினை) எடுத்துவிட்டார்கள். ஷிப்மென்ட் நெருக்கடியில் அவசரத் திருத்தம் அனுப்பப் போனால்தான் அது தெரிந்தது. இப்போது எல்லா ரெப்போவையும் ஒரே ஃபோல்டரில் குளோன் செய்து (நகலெடுத்து), வொர்க்ஃப்ளோ கோப்பில் பிழை தேடும் கருவியான ஆக்‌ஷன்லின்ட்டை ஓட்டி, அப்புறம் பழைய ரன்னர் பெயர்களை கிரெப் என்னும் தேடல் கட்டளையில் தேடிவிடுகிறோம். கிட்ஹப்புக்குப் புஷ் செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டியதில்லை, குளோன் செய்தபின் நெட் இல்லாவிட்டாலும் லேப்டாப்பிலேயே முடியும். மேலே கருத்தில் ஒரு நண்பர் 'டிபென்டபாட் (பதிப்புகளைப் புதுப்பிக்கும் கிட்ஹப் கருவி) போதுமே' என்கிறார். சரி, அது வொர்க்ஃப்ளோவில் சேர்த்துக்கொள்ளும் ஆயத்தத் துணைநிரல்களான ஆக்‌ஷன்களின் பதிப்பை ஏற்றித் தரும். ரன்னர் பெயரைத் தொடாது. பதிப்பைக் குறிப்பதிலும் ஆபத்து உண்டு: 2025 மார்ச்சில், பலர் பயன்படுத்திய டிஜே-ஆக்‌ஷன்ஸின் பதிப்புப் பெயர்களான டேக்குகளை, தீய கோடு உள்ள கமிட்டுக்கு ஹேக்கர்கள் திருப்பிவிட்டார்கள், டேக்குக்குப் பதில் முழு கமிட் ஹாஷ் (மாறாத அடையாளக் குறி) போட்டிருந்தவர்கள் பெரும்பாலும் தப்பித்தார்கள். ஹாஷ் போடாத வரிகளையும் அதே தேடலில் பிடித்துவிடலாம்.