தீவு வேடம் போட்ட டச்சுக் கப்பல்: ஃபார்வர்டில் வருவது பாதிதான் உண்மை

"1942-ல் டச்சுப் போர்க்கப்பல் ஒன்று மண் கொட்டிக் காடு வளர்த்து, மிதக்கும் தீவாகப் பட்டப்பகலில் ஜப்பானியரைக் கடந்தது" என்று ஒரு பதிவு சுற்றுகிறது. கூடவே பெரிய பீரங்கிக் கப்பல் ஒன்றின் படமும் வருகிறது.

கப்பல் உண்மை. பெயர் ஆப்ரஹாம் கிரைன்சன். அன்று டச்சுக் காலனியாக இருந்த இந்தோனேசியாவில் இருந்தது. ஆனால் அது யான் வான் ஆம்ஸ்டெல் வகையைச் சேர்ந்த, சுமார் 56 மீட்டர் நீளமுள்ள கண்ணிவெடி அகற்றும் கப்பல். வேகம் 15 நாட் (மணிக்கு சுமார் 28 கி.மீ.) அளவுதான். விமானங்களைச் சமாளிக்க இருந்தவை இரண்டு 20 மி.மீ. துப்பாக்கிகள். அதனால்தான் ஒளிய வேண்டிவந்தது.

காடு வளர்க்கவில்லை. கரையில் வெட்டிய மரக்கிளைகளால் தளத்தை மூடி, தெரிந்த பகுதிகளுக்குப் பாறைபோல வண்ணம் அடித்தார்கள். முக்கியமான பிழை 'பட்டப்பகல்'. நகரும் தீவை எந்த விமானியும் சந்தேகிப்பார். பின்னால் நுரைத்தடம் வேறு காட்டிக்கொடுக்கும். பகலில் கரையோரம் நங்கூரமிட்டு அசையாமல் நின்றார்கள், இரவில் மட்டுமே ஓட்டினார்கள். மார்ச் 20 அன்று ஆஸ்திரேலியா சேர்ந்தார்கள்.

இந்தோனேசியாவில் இருந்த இதே வகைக் கப்பல்களில் தப்பியது இது ஒன்றே. யான் வான் ஆம்ஸ்டெலை ஜப்பானிய நாசகாரி மூழ்கடித்தது. மற்ற இரண்டை மாலுமிகளே மூழ்கடித்துவிட்டார்கள்.

கப்பல் இன்று நெதர்லாந்தின் டென் ஹெல்டர் கடற்படை அருங்காட்சியகத்தில் நிற்கிறது. 1942 செப்டம்பரில் அது ஆஸ்திரேலியக் கடற்படையில் சேர்க்கப்பட்டதால் அவர்களுடைய இணையதளத்திலும் வரலாறு உண்டு. பார்த்துவிட்டு, அந்தப் பதிவை மேற்கொண்டு அனுப்பாதீர்கள்.