100 வாட்ஸாம், யாருக்கு?

ஹோம் தியேட்டர் ரிசீவர், அதாவது ஸ்பீக்கர்களுக்குச் சத்தத்தைப் பிரித்துப் பலம் கொடுத்து ஓட்டுகிற பெட்டி, விற்கிறவர்களிடம் நான் கேட்பது ஒரே ஒரு கேள்விதான். என் வீட்டில் ஏற்கெனவே ஐந்து ஸ்பீக்கர் இருக்கிறது, இந்தப் பெட்டி அதை ஒழுங்காக ஓட்டுமா, ஓட்டாதா? இதற்கு நேராகப் பதில் சொல்ல ஒரு ஆள் கிடையாது இந்தச் சென்னையில். "சார், இது 7.2 சார். அட்மாஸ் இருக்கு சார். 8கே சப்போர்ட் சார்." 7.2 என்றால் ஏழு ஸ்பீக்கருக்கு ஏழு சேனல், அடித்தொனிக்கு இரண்டு சப்வூஃபர். அட்மாஸ் என்றால் கூரையிலிருந்தும் சத்தம். 8கே என்பது படத்தின் துல்லியம். நான் கேட்டதற்கும் 8கே-வுக்கும் என்னய்யா சம்பந்தம்? என் டிவியே 4கே. அதிலும் பாதி நேரம் ஓடுவது சீரியல்.

முதலில் இந்த வாட்ஸ் கணக்கு. வயிறு எரிவதே இதில்தான். அட்டைப் பெட்டியில் கொட்டை எழுத்தில் சேனலுக்கு 170 வாட்ஸ் என்று போட்டிருக்கும். அதற்குக் கீழே, கண்ணாடி போட்டாலும் பிடிபடாத எழுத்தில்: 6 ஓம், 1 கிலோஹெர்ட்ஸ், டிஸ்டார்ஷன் 10 சதவீதம், ஒரு சேனல் மட்டும். நிதானமாகப் படியுங்கள். ஓம் என்பது ஸ்பீக்கர் கரன்டுக்குக் காட்டுகிற தடை, டிஸ்டார்ஷன் என்பது சத்தம் சிதைகிற அளவு. மற்ற ஆறு சேனலும் சும்மா கிடக்க, ஒரே ஒரு சேனலில், 'பீ'ங்கிற ஒற்றை விசில் சத்தத்தை விட்டு, அது கரகரத்துக் காது கூசுகிற வரைக்கும் ஏற்றி, அங்கே நிறுத்தி அளந்த கணக்கு இது. இப்படி யார் வீட்டில் படம் பார்க்கிறார்கள்? அதே மாடலின் கையேட்டில் கடைசிப் பக்கத்துக்குப் போனால் இன்னொரு வரி இருக்கும்: 8 ஓம், 20 ஹெர்ட்ஸிலிருந்து 20 கிலோஹெர்ட்ஸ் வரை (காதுக்குக் கேட்கிற முழு வீச்சு), டிஸ்டார்ஷன் 0.08 சதவீதம், இரண்டு சேனல் ஓடும்போது 80 வாட்ஸ். சரி, 80 என்றே வைத்துக்கொள்வோம். ஐந்தும் ஒன்றாக ஓடினால் எவ்வளவு? அது மட்டும் எந்தப் பக்கத்திலும் இல்லை. உள்ளே இருப்பது ஒரே டிரான்ஸ்ஃபார்மர். ஏழு சேனலுக்கும் அது ஒன்றுதான் படியளக்க வேண்டும். அதனால்தான் அந்தக் கணக்கைப் போட மாட்டார்கள்.

இது புது வித்தையும் இல்லை. தொண்ணூறுகளில் டேப் ரெக்கார்டர் மேல் தங்கக் கலர் ஸ்டிக்கரில் 'பிஎம்பிஓ 1000 வாட்ஸ்' என்று மின்னுமே, ஞாபகம் இருக்கிறதா? கண நேர உச்ச வாட்ஸாம் அது. ஆறு பேட்டரியில் ஓடும் பெட்டிக்கு ஆயிரம் வாட்ஸ்! அந்தக் கூத்தின் பேரப்பிள்ளைதான் இது. அமெரிக்காவில் 1974-லேயே அரசின் வணிகக் கண்காணிப்பு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் இதற்கென்று ஒரு விதி கொண்டுவந்தது, வாட்ஸை எப்படி அளந்து விளம்பரப்படுத்த வேண்டும் என்று. அதிலும் சந்து பொந்து கண்டுபிடித்துப் புகுந்தார்கள். 2024-ல் திருத்தி, 8 ஓம், 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ், டிஸ்டார்ஷன் 1 சதவீதத்துக்குள் என்று அளக்கும் முறையையே கட்டிப்போட வேண்டியிருந்தது. நம்மூர் ஷோரூமில் நான் புரட்டிய எந்தப் பெட்டியும் அந்த ஒழுங்கில் இல்லை.

இதில் பெரிய கொடுமை, 80-க்கும் அடுத்த மாடலின் 100-க்கும் காதில் வித்தியாசமே தெரியாது என்பது. வாட்ஸ் இரட்டிப்பானால்தான் 3 டெசிபல் கூடும். 80-லிருந்து 100-க்குப் போனால் சுமார் 1 டெசிபல். அவ்வளவே. சத்தம் இரண்டு மடங்காகக் கேட்க வேண்டுமென்றால் கிட்டத்தட்ட பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும். அந்த ஒரு டெசிபலுக்கு அடுத்த மாடலில் இருபதாயிரம் ரூபாய் கூடுதலாகக் கேட்கிறார்கள், அதையும் ஏதோ நமக்கு உபகாரம் செய்கிற முகத்தோடு.

என் முன் டவர் ஸ்பீக்கர்களின் சென்சிட்டிவிட்டி 86 டெசிபல். அதாவது ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் 86. என் சோபா மூன்று மீட்டர் தள்ளி. தூரத்தில் ஏழெட்டு டெசிபல் போய்விடும் என்று வைத்தாலும் எழுபத்தெட்டோ எழுபத்தொன்பதோ மிஞ்சும். சாதாரணமாக வசனம் கேட்க எழுபதே தாராளம். ஆக, ஹீரோ பக்கம் பக்கமாகப் பேசுகிற காட்சிக்கு ஒரு வாட்கூட முழுசாகச் செலவாவதில்லை. மறுபக்கம், சினிமா தியேட்டர் அளவுகோல்படி ஒரு சேனலில் உச்சம் 105 டெசிபல். அதை என் சோபாவில் எட்ட வேண்டுமென்றால் நானூறு ஐநூறு வாட்ஸ் தேவைப்படும், இவர்கள் காட்டுகிற எந்தப் பெட்டியிலும் அது கிடையாது. ஆனால் அப்படிச் சத்தமாக வைத்தால் படம் இடைவேளைக்கு வரும் முன்னே மேல் வீட்டு மாமி கதவைத் தட்டுவார். அதிலிருந்து 15 டெசிபல் குறைத்தால் சுமார் பதினைந்து வாட்ஸே போதும். அடிவயிற்றில் இடிக்கிற சத்தத்தை 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டி சப்வூஃபருக்கு அனுப்பிவிடலாம், அதற்குத் தனி ஆம்ப்ளிஃபையர், சுருக்கமாக ஆம்ப், உள்ளேயே இருக்கிறது. இந்தக் கணக்கை ஒரு சேல்ஸ்மேனாவது காகிதத்தில் போட்டுக் காட்டியிருப்பானா? உங்கள் ஹால் எத்தனை அடி, எவ்வளவு தள்ளி உட்காருவீர்கள் என்று ஒருவராவது கேட்டிருப்பாரா?

அப்போ கவலையே வேண்டாமே என்பீர்கள். கவலை வாட்ஸில் இல்லை, ஓமில் இருக்கிறது. அதைத்தான் எல்லோரும் சேர்ந்து மூடி மறைக்கிறார்கள், ஸ்பீக்கர் செய்கிறவர்கள் உட்பட.

என் டவரின் பின்னால் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் '4–8 ஓம்' என்று இருக்கிறது. அது என்ன, ஷேர் ஆட்டோ கட்டணமா, ஆளைப் பார்த்து மாறுவதற்கு? ஸ்பீக்கரின் இம்பிடன்ஸ், அதாவது இந்த ஓம் அளவு, ஒவ்வொரு அதிர்வெண்ணுக்கும் ஏறி இறங்கும் என்பது உண்மைதான். அதற்காகத்தான் சர்வதேசத் தர அளவு ஒன்று இருக்கிறது: குறைந்தபட்சம், சொன்ன எண்ணில் 80 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது. 8 ஓம் என்று போட்டால் 6.4-க்குக் கீழே இறங்கக் கூடாது. ஆனால் 8 ஓம் என்று விற்கிற எத்தனையோ ஸ்பீக்கர்கள் 4-க்கு இறங்குகின்றன. அதற்கு அவர்கள் கண்டுபிடித்திருக்கும் வழி, '8 ஓம் கம்பாட்டிபிள்' என்று எழுதிவிடுவது. எட்டா என்று கேட்டால் எட்டு இல்லை, இல்லையா என்று கேட்டால் இல்லாமலும் இல்லை.

எதிர் வீட்டில் மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்ற மாமா ஒருவர் இருக்கிறார். மல்டிமீட்டரோடு வந்தார். ஸ்பீக்கர் ஒயரைக் கழற்றி, சிவப்பு முனையையும் கறுப்பு முனையையும் டெர்மினலில் அழுத்திப் பிடித்தார். எண் கொஞ்சம் ஆடி 3.4-ல் நின்றது. "தம்பி, இது 4 ஓம் ஸ்பீக்கர்ப்பா. ஸ்டிக்கர்ல என்ன வேணா ஒட்டுவான்" என்றார். மீட்டர் காட்டுவது டிசி ரெசிஸ்டன்ஸ்தான், பேட்டரி கரன்டுக்கான தடை மட்டும், முழுக்கதையும் அதில் வராது. ஆனாலும் ஷோரூம் ஷோரூமாக ஏறி இறங்கிக் கிடைக்காத தகவல் எதிர் வீட்டு மாமாவின் பழைய மீட்டரில் அரை நிமிடத்தில் கிடைத்தது.

ஓம் பாதியானால் அதே வோல்டேஜுக்குக் கரன்ட் இரட்டிப்பாகும். கரன்ட் கூடினால் சூடு கூடும். சூடு கூடினால் ரிசீவர் புரொடெக்ஷனுக்குப் போய், கிளைமாக்ஸில் டிக் என்று அணைந்து கண் சிமிட்டும். சென்னை மே மாதத்தில், டிவி ஷெல்ஃபுக்குள் அடைத்து வைத்த பெட்டிக்கு இது நடக்க அதிக நேரம் ஆகாது. பல ரிசீவர்களில் "6 ஓம் முதல் 16 ஓம் வரை" என்றே போட்டிருக்கிறார்கள். "4 ஓம் போடலாமா?" என்று கேட்டால், "மெனுல 4 ஓம் செட்டிங் இருக்கு சார், மாத்திக்கலாம்" என்று பதில். பெரும்பாலான பெட்டிகளில் அந்த செட்டிங் செய்கிற வேலை, ஆம்புக்குப் போகும் வோல்டேஜைக் குறைத்துச் சூட்டை அடக்குவது. அதாவது பலம் அதிகம் வேண்டிய ஸ்பீக்கருக்குப் பலத்தைக் குறைத்துக் கொடுப்பது! இதை வசதி என்று விற்கிறார்கள்.

வெளியே தனி பவர் ஆம்ப் வாங்கி மாட்டிக்கொள்ளலாம் என்று ஒரு நல்ல வழி இருக்கிறது. முன் மூன்று சேனலின் பாரத்தை அது சுமக்கும், ரிசீவர் மற்ற வேலையைப் பார்க்கும். அதற்கு ரிசீவரின் பின்னால் ப்ரீ-அவுட் இருக்க வேண்டும், உள்ளே இருக்கும் ஆம்புக்குப் போகும் முன்பே சிக்னலை வெளியே எடுக்கிற சாதாரண ஆர்சிஏ துளை. விலை குறைந்த மாடல்களில் சப்வூஃபருக்கு மட்டும் ப்ரீ-அவுட் கொடுத்துவிட்டு மற்றதை வெட்டிவிடுகிறார்கள். அது வேண்டுமென்றால் மேல் மாடலுக்குப் போ. மேல் மாடலில் என்ன இருக்கிறது? ஒன்பது சேனல். எனக்கு வேண்டியது ஐந்து. கூரையில் ஸ்பீக்கர் பதிக்க நான் இருப்பது வாடகை வீடு, ஆணி அடிக்கவே ஓனரிடம் அனுமதி கேட்க வேண்டும். ஆகவே இல்லாத நாலு ஸ்பீக்கருக்கும் சேர்த்து ஆம்ப் வாங்கினால்தான், இருக்கிற ஐந்துக்கு ஒழுங்கான பலம் கிடைக்கும். ஐந்தே சேனல், நல்ல கனமான டிரான்ஸ்ஃபார்மர், நாலு எச்டிஎம்ஐ, ப்ரீ-அவுட்: இப்படி ஒன்றைச் செய்து விற்றால் இவர்களுக்குக் குடி முழுகிவிடுமா?

நியூ ஜெர்சியில் இருக்கும் பெரியப்பா மகன் வேறு. "தம்பி, இங்க பாதி விலைதான், வரும்போது தூக்கிட்டு வரேன்" என்கிறார். அண்ணே, அங்கே விற்பது 120 வோல்ட் பெட்டி. இங்கே 230. அதற்கு ஒரு ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கி, அதையும் ஷெல்ஃபில் வைத்து, வாரன்டியும் இல்லாமல் எதற்கு இந்த வம்பு?

டெமோ ரூம் கூத்தையும் சொல்லிவிடுகிறேன். ஏசி, தரை முழுக்கக் கார்ப்பெட், சுவரெல்லாம் பஞ்சுப் பலகை. அவர்களுடைய ஸ்பீக்கர் 92 டெசிபல். என்னுடையதைவிட 6 டெசிபல் அதிகம், அதாவது அதே சத்தத்துக்கு நாலில் ஒரு பங்கு வாட்ஸ் போதும். அதில் எந்த ரிசீவரை மாட்டினாலும் அதிரத்தான் செய்யும். எல்லாக் கடையிலும் அதே கார் துரத்தல், அதே குண்டு வெடிப்பு. அமைதியாக இரண்டு பேர் பேசுகிற காட்சியைப் போடச் சொன்னால் முழிக்கிறார்கள். "என் சென்டர் ஸ்பீக்கரை மட்டும் கொண்டு வரேன், மாட்டிக் காட்டுங்க" என்றேன். பொண்ணு பார்க்க வந்த இடத்தில் சம்பளச் சீட்டைக் கேட்டவனைப் பார்ப்பது மாதிரி பார்த்தார் மேனேஜர். "அப்படியெல்லாம் பண்றதில்லை சார். வாங்கிட்டுப் போய் மாட்டிப் பாருங்க. பெட்டியைப் பிரிச்சா ரிட்டர்ன் கிடையாது."

பிரிக்காமல் எப்படியய்யா மாட்டிப் பார்ப்பது?

நேற்று அதே கடையிலிருந்து போன். ஏதோ 4 ஓமுக்கு மாடல் வந்துவிட்டது போலிருக்கிறது என்று எடுத்தேன். "சார், உங்களுக்காகவே பேசி ஒரு ஆஃபர் வாங்கியிருக்கேன். அந்தப் பழைய ஸ்பீக்கர் அஞ்சையும் குடுத்துடுங்க, சவுண்ட்பார்ல நாலாயிரம் கழிச்சுக்கலாம்."