மேயர் பதவி வெறும் அங்கி, சங்கிலி மட்டுமா?
“சென்னை மேயர் பதவி எப்போதுமே அலங்காரப் பதவிதான், அதிகாரமெல்லாம் மாநகராட்சி ஆணையரிடம்” என்று உங்கள் கட்டுரை சொல்கிறது. அதிகாரம் ஆணையரிடம் என்பது சரி, அன்றும் அப்படித்தான். ஆனால் “எப்போதுமே அலங்காரம்” என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. 1939-ல் மேயரான தீரர் சத்தியமூர்த்தியை வெறும் மேடைப் பேச்சாளராக ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். கொசஸ்தலை ஆற்று வெள்ளம் வீணாகக் கடலில் கலக்காமல் சென்னையின் குடிநீருக்காக நகருக்கு மேற்கே பூண்டியில் தேக்க வேண்டும் என்று விடாப்பிடியாக நின்றவர் அவர். உலகப்போர் நேரம், ஆட்சியோ வெள்ளைக்காரன் கையில், இவரோ அவர்களை எதிர்த்துச் சிறை சென்ற காங்கிரஸ்காரர். அப்படியும் ஒப்புதல் வாங்கி, 1940-ல் அடிக்கல் போட வைத்தார். அணை முடிந்தது 1944-ல். அதைப் பார்க்க அவர் இல்லை, 1943 மார்ச்சிலேயே காலமாகிவிட்டார். இன்றும் பூண்டித் தண்ணீர்தான் கால்வாய் வழியாக, நகருக்குக் குடிநீர் தரும் சோழவரம், புழல் ஏரிகளுக்கு வருகிறது. ஆந்திராவிலிருந்து வரும் கிருஷ்ணா நதி நீரும் முதலில் பூண்டியில்தான் சேர்கிறது. 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, எங்கள் தெருவில் நடுராத்திரி லாரிக்காகப் பிளாஸ்டிக் குடங்களைக் கயிற்றில் கோத்து வரிசை போட்டுக் காத்திருந்தோமே, அப்போது புரிந்தது அந்த நீர்த்தேக்கத்தின் அருமை. கட்டுரைக்குக் கீழே கருத்து எழுதிய ஒரு நண்பர் “அவர் ஒரு வருஷம்தானே மேயர்” என்று கேட்டிருக்கிறார். அப்போது மேயரின் பதவிக்காலமே ஒரு வருஷம்தான் ஐயா, அதற்குள்தான் இவ்வளவும் நகர்ந்தது.